உப்புக்காற்றில் ஓடும் ரோலர்கள்: பேரிங் கேள்வி பதில்

ராமநாதபுரம் கரையில், வாலிநோக்கத்திலிருந்து தொண்டி வரைக்கும் கன்வேயர் வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ரோலர் கத்துது, இறுகுது, பெல்ட்டைக் கிழிக்குது. ரோலருக்குள் இருக்கும் பேரிங், சீல், கிரீஸ், சாஃப்ட் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். மோட்டார், கியர்பாக்ஸ், பேனல் போர்டு என் வேலை இல்லை. கேட்கும்போது பேரிங் நம்பரையும், கன்வேயர் வருஷத்தில் எத்தனை மாதம் சும்மா நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தக் கரையில் இரண்டாவதுதான் ரொம்ப முக்கியம்.

வாலிநோக்கம் பக்கம், உப்பளம்: அண்ணே, உப்பு குவிக்கிற கன்வேயர். 600 எம்.எம். பெல்ட், 89 எம்.எம். ரோலர், உள்ளே 6204 இசட்இசட். சீசன் பூரா நல்லா ஓடுது. மழை முடிஞ்சு தை மாசம் ஸ்டார்ட் பண்ணா பாதி ரோலர் சுத்தவே மாட்டேங்குது. லோடு தாங்கலை, 6305 போடுங்கன்னு மெக்கானிக் சொல்றார். போடலாமா?

போட வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 டன் ஏற்றுகிறீர்கள், பெல்ட் நொடிக்கு 1.5 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் பெல்ட் மேல் 11 கிலோ உப்புதான் இருக்கும். மீட்டருக்கு ஒரு ரோலர் ஸ்டாண்டு இருந்தால், பெல்ட் எடை, ரோலர் எடை எல்லாம் சேர்த்தும் நடு ரோலரின் ஒரு பேரிங்குக்கு வருவது 10 கிலோவைச் சுற்றித்தான். 6204-இன் சுமைத்திறன் 1,200 கிலோவுக்கு மேல். வேகமும் நிமிஷத்துக்கு 320 சுற்று, வீட்டு சீலிங் ஃபேன் அளவுகூட இல்லை. லோடினால் அது சாக வாய்ப்பே இல்லை. சீசன் பூரா நன்றாக ஓடி, நின்ற பிறகு இறுகியது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பதில் அதிலேயே இருக்கிறது.

பேரிங் குண்டும் ரேஸும் (குண்டு ஓடும் வளையம்) செய்யும் எஃகில் குரோமியம் ஒன்றரை சதவீதம்தான். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லவே 10.5 சதவீதமாவது வேண்டும். ஆகவே சாதாரண பேரிங் நன்றாகத் துருப்பிடிக்கும். அடுத்தது உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துத் தண்ணீராகும். உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கைப்புத் தண்ணீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அது ஒட்டிய இடம் சித்திரை வெயிலிலும் காயாது.

இனி ரோலரைப் பாருங்கள். பகலில் வெயிலில் கொதிக்கிறது, உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகிறது. பொழுது சாய்ந்து குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. இசட்இசட் என்பது வெறும் தகர மூடி, உள் ரேஸைத் தொடாது, நடுவே இடைவெளி உண்டு. உப்பு ஈரம் அந்த வழியாகத்தான் தினமும் போகிறது. ஓடிக்கொண்டிருந்தால் குண்டு உருண்டு உருண்டு கிரீஸைப் பூசிக்கொண்டே இருக்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நின்றால் குண்டு ஒரே இடத்தில் உட்காரும். இறுகிய பேரிங் ஒன்றை வைஸில் பிடித்து வெளி ரேஸை அறுத்துத் திறந்து பாருங்கள். கிரீஸ் டீ நிறத்தில் கட்டியாக இருந்தால் துரு கலந்துவிட்டது. அதைத் துடைத்தால் ரேஸில் குண்டு நின்ற இடத்திலெல்லாம் கறுப்பு வடு தெரியும். எட்டு குண்டு, எட்டு வடு. 6305 போட்டிருந்தாலும் இதே வடுதான் வரும், விலைதான் கூடியிருக்கும். அதற்கு உள்விட்டம் 25, வெளிவிட்டம் 62. உங்கள் 20 எம்.எம். சாஃப்டும் பேரிங் உட்காரும் 47 எம்.எம். ஹவுசிங்கும் குப்பைக்குப் போகும்.

செய்ய வேண்டியது: அதே 6204-ஐ 2ஆர்எஸ் ரப்பர் சீலோடு, சி3 இடைவெளியில் (குண்டுக்கும் ரேஸுக்கும் நடுவே சாதாரணத்தைவிடச் சற்று அதிகம்) வாங்குங்கள். அதற்கு வெளியே மடிப்பு மடிப்பாக ஒன்றுக்குள் ஒன்று போகும் லாபிரிந்த் சீல் போடுங்கள். சீலுக்கும் லாபிரிந்துக்கும் நடுவே உள்ள இடத்தைக் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸால் நிரப்புங்கள். உப்புத் தண்ணீரை அது நன்றாகத் தாங்கும். மழைக்கு நிறுத்தும்போது நல்ல தண்ணீரை வாளியால் ஊற்றி உப்பைக் கழுவி, காய விட்டு, தார்ப்பாய் மூடுங்கள். வாரம் ஒருமுறை ஒரு ஆளை விட்டு எல்லா ரோலரையும் கையால் சுற்றிவிடச் சொல்லுங்கள். பெரிய பேரிங்குக்குக் கொடுக்கும் காசை சீலுக்கும் கிரீஸுக்கும் கொடுங்கள்.

ஆர்.எஸ்.மங்கலம், நெல் அரவை மில்: 6204-க்கும் 6304-க்கும் என்ன வித்தியாசம்? கடையில ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றாங்க.

ஒன்று இல்லை. கடைசி இரண்டு எண் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும். 04 என்றால் இரண்டுக்கும் 20 எம்.எம். வெளிவிட்டம் 6204-க்கு 47, 6304-க்கு 52. கனம் 14, 15. வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.

மண்டபம், ஐஸ் பிளான்ட்: ஐஸ் பார் உருட்டிவிடுற ரோலர் டிராக். மோட்டார் இல்லை, சாய்வுல தானா போகும். ஆறு மாசத்துக்கு ஒருதரம் பேரிங் மாத்துறோம். முழுசா எஸ்.எஸ். பேரிங் போட்டா பிரச்சினை தீருமா?

பாதி தீரும். பேரிங்கில் எஸ்.எஸ். என்றால் பெரும்பாலும் 440சி எஃகு. கடினம் வருவதற்காக அதில் ஒரு சதவீதம் கார்பன் சேர்த்திருப்பார்கள். சமையல் பாத்திரம் செய்யும் 304 அளவுக்கு அது துருவைத் தாங்காது. மழைத் தண்ணீருக்கு நிற்கும், உப்புத் தண்ணீரில் புள்ளி விழும். உங்கள் டிராக்கில் சொட்டுவது வெறும் ஐஸ் தண்ணீர் இல்லை. கேனைத் தூக்கும்போது தொட்டியின் பிரைன் தண்ணீரும் (உப்புக் கரைசல்) சேர்ந்து வழிகிறது. முதலில் கேனைத் தூக்கும் இடத்துக்கும் டிராக்குக்கும் நடுவே வடிகால் தட்டு வையுங்கள். பார் ஒன்று 50 கிலோதானே, வேகமும் இல்லை. பிளாஸ்டிக் ரேஸில் எஸ்.எஸ். அல்லது கண்ணாடிக் குண்டு போட்ட பேரிங் இதற்குப் போதும், கிரீஸே வேண்டாம். பாரை மேலிருந்து தொப்பென்று போடாமல் இருந்தால் சரி.

சாயல்குடி: பெல்ட் ஒரு பக்கமா ஓடுது. பேரிங் மாத்தணுமா?

வேண்டாம். ஸ்டாண்டு பெல்ட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். பெல்ட் சுற்றி வரும் இரு முனை டிரம்மில் ஒட்டிய சரக்கைச் சுரண்டுங்கள்.

பாம்பன், ஓய்வுபெற்ற ஃபிட்டர்: தம்பி, சீல் பேரிங் சீல் பேரிங்குங்கிறீங்க. எங்க காலத்துல ரோலர் ஒவ்வொண்ணுக்கும் கிரீஸ் அடிக்கிற நிப்பிள் இருக்கும். காலையில கிரீஸ் கன்னை வச்சு அடிச்சா பழைய கிரீஸு வெளிய வரும், உப்பும் சேந்து வந்துடும். இன்னைக்கு ஆளுக வேலைக்குச் சோம்பி சீல் போட்டுட்டு, போனா தூக்கிப் போடுன்னு சொல்றீங்க.

ஐயா, நீங்கள் சொன்ன முறை வேலை செய்தது உண்மை. புது கிரீஸ் பழையதைத் தள்ளும்போது உப்பையும் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் அது தினமும், ஒரு ரோலர் விடாமல், நிப்பிள் வாயைத் துணியால் துடைத்த பிறகு அடித்தால்தான். துடைக்காமல் அடித்தால் வாயில் ஒட்டிய உப்புப் பரல் நேராகக் குண்டுக்குள் போகும். இன்றைக்கு நூற்றுக்கணக்கில் ரோலர் வைத்துக்கொண்டு ஒரே ஆளை நிறுத்தியிருக்கும் இடத்தில் அது நடக்காது.

தங்கச்சிமடம்: ஃபிட்டர் ஐயா சொல்றதுதான் சரி. 2ஆர்எஸ்ல ஒரு தடவை கிரீஸ் கெட்டா கெட்டதுதான். நாங்க சீலை ஊசியால நெம்பி எடுத்து கிரீஸ் வச்சு மூடுறோம். ஓடுது.

நெம்பிய சீல் திரும்ப அதே இடத்தில் உட்காராது. உதட்டில் ஒரு மடிப்பு விழுந்தாலே அது வெறும் அலங்காரம். என்ன கிரீஸ் வைத்தீர்கள் என்றும் எழுதவில்லை. உள்ளே லித்தியம் கிரீஸ் இருக்க, மேலே பாலியூரியா வைத்தால் இரண்டும் சேர்ந்து இளகி ஓடிவிடலாம். முழுக்க அடைத்து வைப்பதும் தப்பு. வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும்.

கீழக்கரை: காக்கா, எங்க குடோன்ல சாக்கு மூட்டை ஏத்துற கன்வேயர். சீல் பேரிங்தான், தொட்டதே இல்லை, வருஷக்கணக்கா ஓடுது. நிப்பிள் வச்ச பழைய ரோலர்தான் முதல்ல போச்சு.

கூரைக்குள், கிட்டத்தட்ட தினமும் ஓடும் கன்வேயர். இரண்டும் உங்களுக்குச் சாதகம். அதே பேரிங்கை வாலிநோக்கம் தம்பி மழையில் நிறுத்தி வைத்தால் அப்படி நிற்காது.

பாம்பன், அதே ஃபிட்டர்: அப்ப நிப்பிளே வேணாங்கிறீங்களா? டிரம்முக்கும் சேத்தா?

இல்லை ஐயா, டிரம்முக்கு உங்கள் கட்சிதான் நான். தலை டிரம், வால் டிரம் இரண்டிலும் யூசிபி 205 மாதிரி பிளம்மர் பிளாக் (பேரிங்கைத் தாங்கும் கூடு) இருக்கும், நிப்பிளும் இருக்கும். அங்கே பெல்ட்டின் இழுவை முழுக்க பேரிங் மேல் வருகிறது. எண்ணிக்கையும் நாலைந்துதான். வாரம் ஒருமுறை, கையால் சுற்றிக்கொண்டே, சீல் ஓரத்தில் புது கிரீஸ் மெல்லிய வளையமாக எட்டிப் பார்க்கும் வரை அடிக்கலாம். அந்த வளையத்தைத் துடைக்காதீர்கள், உப்பைத் தடுக்கும் முதல் வேலி அதுதான். ஒரே அழுத்தில் வேகமாக அடித்தால் சீல் வெளியே வந்துவிடும். மழைக்கு நிறுத்துவதற்கு முந்திய நாள் அடித்தே ஆக வேண்டும். நிற்கும் மூன்று மாதமும் உள்ளே புது கிரீஸ் இருக்க வேண்டும். பெல்ட்டைத் தாங்கும் ஐடிலர் ரோலருக்கு சீல், டிரம்முக்கு நிப்பிள். இதில் என் கருத்து மாறாது.

தேவிபட்டினம், லேத் பட்டறை: ரோலர் நாங்களே செய்றோம். பைப் முனையில ஹவுசிங்கை வெல்ட் வச்சு, பேரிங்கைச் சுத்தியால தட்டி ஏத்துறோம். புது ரோலரே சத்தம் போடுது.

ரோலரில் சாஃப்ட் நிற்கும், வெளி ரேஸ்தான் சுற்றும். ஆகவே வெளி ரேஸ் ஹவுசிங்கில் இறுக்கமாகவும், உள் ரேஸ் சாஃப்டில் கையால் தள்ளினால் போகும் அளவிலும் இருக்க வேண்டும். பலர் மோட்டார் பழக்கத்தில் இதைத் தலைகீழாகக் கடைகிறார்கள். அப்போது வெளி ரேஸ் ஹவுசிங்கில் வழுக்கிச் சுற்றி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

வெல்டிங் இன்னொன்று. வெல்ட் வைத்தால் ஹவுசிங் இழுத்துக்கொண்டு சாயும். இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் இந்த வகைப் பேரிங் பொறுக்காது. ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு சாய்வே அதற்கு அதிகபட்சம். வெல்ட் வைத்த பிறகு, ரோலரை லேத்தில் ஏற்றி இரண்டு ஹவுசிங்கையும் ஃபைனல் கடையுங்கள். சி3 கேட்கச் சொல்வதும் இந்தச் சின்னச் சாய்வையும் சாஃப்ட் வளைவையும் சமாளிக்கத்தான். ஐடிலருக்கு ஐ.எஸ். 8598 என்று இந்தியத் தரமே இருக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பட்டறைக்கு மதிப்பு.

சுத்தியலை விடுங்கள். வெளி ரேஸை ஹவுசிங்கில் ஏற்றும்போது வெளி ரேஸை மட்டும் அழுத்தும் பைப் துண்டு வைத்து பிரஸ்ஸில் ஏற்றுங்கள். உள் ரேஸில் தட்டி வெளி ரேஸை ஏற்றினால் அடி முழுக்க குண்டு வழியாகப் போகும், புது பேரிங்கிலேயே பள்ளம் விழும். நீங்கள் கேட்கும் சத்தம் அந்தப் பள்ளம்தான்.

மண்டபம், இறால் கம்பெனி: அண்ணே, நான் கிரேடிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிஞ்சதும் பிரஷர் கன்ல கழுவுறோம். 2ஆர்எஸ் போட்டும் துருப்பிடிக்குது.

தங்கச்சி, எந்த ரப்பர் சீலும் பிரஷர் கன்னை நேராகத் தாங்காது. ரோலர் முனையில் கன்னைக் காட்டக் கூடாது என்று கழுவுபவர்களிடம் சொல்லுங்கள். கன்னைப் பெல்ட்டில் அடியுங்கள், முனையைக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். உணவு படும் இடம் என்பதால் கிரீஸ் உணவுத்தரம்தானா என்று டப்பாவில் ஹெச்1 பார்த்து வாங்குங்கள்.

திருப்புல்லாணி: பேரிங்கை டீசலில் ஊற வச்சுக் கழுவி மறுபடி போடலாமா?

சீல் பேரிங்கைக் கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

ஏர்வாடி: எங்க ரோலர் மழைக்கப்புறம் சுத்தலை. பெரிய பேரிங் போடலாமா?

வாலிநோக்கம் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

ராமநாதபுரம்: எந்த பிராண்ட் நல்லது? ஒரு கடையில பாதி விலைக்குத் தர்றாங்க.

பிராண்ட் பெயர் சொல்ல மாட்டேன். பாதி விலைக்கு வருவது பெரும்பாலும் போலி, அல்லது பழையதை பாலிஷ் போட்டது. கம்பெனியின் அங்கீகரித்த டீலரிடம் பில்லோடு வாங்குங்கள்.

சிக்கல்: பெரிய சைஸ் போட்டா உப்பு தாங்குமா?

தாங்காது. மேலேயே எழுதியாகிவிட்டது. சீல், கிரீஸ், மழைக்காலத்தில் கையால் சுற்றுவது.

முதுகுளத்தூர், கரி வியாபாரம்: கருவேலங்கரி சலிக்கிற கன்வேயர். ரோலர் ஒண்ணு ரெண்டு சுத்தலைன்னாலும் பெல்ட் ஓடுதே, அப்படியே விட்டா என்ன?

விடாதீர்கள், உங்கள் இடத்தில் இது தீ விஷயம். நின்றுபோன ரோலர் மேல் பெல்ட் உரசி உரசிச் சூடேறும். கரித்தூள் பற்றிக்கொள்ள அது போதும். பெல்ட்டை நிறுத்திய பிறகுதான் பற்றுவது அதிகம், சூடான ரோலர் மேல் பெல்ட் அப்படியே படுத்திருக்கும். ரோலர் இறுகியது தெரிந்தால் அன்றைக்கே கழற்றுங்கள். வேலை முடிந்து அரை மணி நேரம் ஒரு ஆள் அங்கே இருக்கட்டும்.

திருப்பாலைக்குடி: இறுகுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கா அண்ணே?

இருக்கு. ரோலரின் முனைத் தட்டில், ஓரமாக, வெள்ளை பெயிண்டால் ஒரு பொட்டு வையுங்கள். பெல்ட் ஓடும்போது பக்கத்தில் நடந்தாலே எது சுற்றவில்லை, எது தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது என்று தெரியும். கை வைத்துப் பார்ப்பது பெல்ட் நின்று, மெயின் சுவிட்சை ஆஃப் செய்து பூட்டுப் போட்ட பிறகுதான். ஓடும் பெல்ட்டுக்கும் ரோலருக்கும் நடுவே துணியோ கையோ போகவே கூடாது. துணி சிக்கினால் கையை உருவ நேரம் இருக்காது.

நின்ற ரோலரைப் பெல்ட்டிலிருந்து தூக்கிக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் சுற்றி மெல்ல நின்றால் நல்லது. மணல் அரைபடுவதுபோல் விரலில் தெரிந்தால் உப்போ துருவோ உள்ளே போய்விட்டது. தேய்ந்த ரோலரின் பைப்பையும் தடவிப் பாருங்கள். நின்றபடி உரசிய பக்கம் தட்டையாகி, கடைசியில் ஓட்டை விழுந்து, அந்த விளிம்பு பெல்ட்டை நீளவாக்கில் கிழிக்கும். கழற்றினால் இரண்டு முனைப் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் உப்பு குடித்திருந்தால் மறுபக்கமும் குடித்திருக்கும்.