ஜவ்வோடு வாங்குங்கள்: மாட்டுக்கறி ஸ்டூ கேள்வி-பதில்

இரண்டு மணி நேரம் வேகவைத்தும் கறி சக்கையாக இருக்கிறது. ஜவ்வே இல்லாத தொடைக்கறியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். எங்கே தப்பு? (குடியாத்தம்)

அந்தத் தொடைக்கறிதான் தப்பு. கழுத்து, நெஞ்சு, முன்னங்கால் இதெல்லாம் மாட்டுக்கு ஓயாமல் வேலை செய்கிற இடம். ஜவ்வு அங்கேதான் அதிகம். ஜவ்விலிருக்கும் கொலாஜன் என்ற புரதம் மெதுவான சூட்டில் கரைந்து பிசுபிசுப்பான ஜெலட்டினாகும். நல்ல ஸ்டூ உதட்டில் லேசாக ஒட்டுமே, அது இதனால்தான். தொடையில் ஜவ்வு குறைவு. வேக வேகச் சாறு போய் நார்தான் மிஞ்சும்.

அடுத்த முறை, "பாய், முன்னங்கால்ல ஜவ்வோட ஒரு கிலோ, துண்டு பெருசா போடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றரை அங்குலத் துண்டு சரியாக இருக்கும். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும். மூடி போட்டு இரண்டரை மணி நேரம். ஒரு துண்டைக் கரண்டி விளிம்பால் அழுத்திப் பாருங்கள். தானாகப் பிளந்தால் இறக்கலாம், எதிர்த்து நின்றால் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள். இதில் அவசரப்பட்டால் வேறு எதைச் சேர்த்தும் சரிக்கட்ட முடியாது.

வதக்கும்போது கறியே தண்ணீர் விட்டு வெளுத்துப்போகிறது. (காட்பாடி)

எனக்கும் பல வருஷம் இப்படித்தான் ஆனது. கழுவின ஈரத்தோடு மொத்தக் கறியையும் கொட்டிவிடுவேன். சட்டி ஆறிப்போய்க் கறி அவியத் தொடங்கிவிடும். நன்றாக வடியவிட்டு, துணியால் ஒற்றி, ஏழெட்டுத் துண்டாகப் போட்டுச் சிவக்க விடுங்கள். அடியில் பிடித்த பழுப்பைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். அதிலேயே வெங்காயத்தை வதக்கி, வெந்நீர் ஊற்றிச் சுரண்டுங்கள். ஸ்டூவின் நிறமும் மணமும் அதில்தான்.

பிரியாணிக்கு அரைக்கும் காய்ந்த மிளகாய் விழுது சேர்க்கலாமா? (ஆம்பூர்)

அரை டீஸ்பூன் போதும். கூடினால் கறிக்குழம்பாகிவிடும். மிளகு, பட்டை, பிரிஞ்சி இலையே தாராளம்.

உருளைக்கிழங்கு ஒருநாள் கரைகிறது, ஒருநாள் வேகவே மாட்டேன் என்கிறது. (வாலாஜா)

கறியோடு சேர்த்துப் போட்டால் கரையும். கடைசி 25 நிமிடத்தில் போடுங்கள். தக்காளி அதிகமானால் அந்தப் புளிப்பு கிழங்கை இளக விடாது. கிலோ கறிக்கு ஒரு தக்காளி போதும்.

அப்பாவின் சிகிச்சைக்காக வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜில் தங்கியிருக்கிறோம். ஒரே அடுப்பு, ஒரு குக்கர். காரமில்லாமல் செய்து தர முடியுமா?

தாராளமாக முடியும். உப்பும் கொழுப்பும் எவ்வளவு சேர்க்கலாம் என்று முதலில் அங்கிருக்கும் டயட்டீஷியனிடம் கேட்டுவிடுங்கள். குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரி வரை போகும். அதனால் முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து 40 நிமிடம் போதும். ஆவி தானாக அடங்கட்டும். பிறகு கேரட்டும் கிழங்கும் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, சாற்றில் பிரெட்டை ஊறவைத்துக் கொடுங்கள். மென்று தின்னத் தெம்பில்லாதவர்களுக்கும் இறங்கும். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஒரு வேளைக்கு மட்டும் செய்யுங்கள். வேலூர் வெயிலில் மதியம் செய்ததை ராத்திரிக்கு எடுத்துவைக்க வேண்டாம்.