சோறு கொடுத்ததற்கு டிக்கெட்: கட்டிவிடலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். ஹூஸ்டனில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். வள்ளலார் வழி வந்த குடும்பம். மாதம் ஒரு ஞாயிறு நண்பர்களோடு சேர்ந்து புளியோதரை, தயிர்சாதம் கட்டி, டவுன்டவுனில் தெருவில் தங்கியிருப்பவர்களுக்குக் கொடுப்போம். போன முறை முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். போலீஸ்காரர் வந்து என் பெயரில் டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதிவிட்டார். கிரீன் கார்டு கெட்டுவிடும், அபராதத்தைக் கட்டி முடித்துவிடுங்கள் என்கிறார் மனைவி. எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதமும் போகலாமா?

பதில்: எதற்கும் முன்னால் ஒன்று. அந்த டிக்கெட்டை ஆன்லைனில் கட்டிவிடாதீர்கள். டெக்சஸில் அபராதம் கட்டினால் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று பொருள், தண்டனையாகவே பதிவாகும். பயத்தில் கட்டுவதுதான் உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு நல்லதல்ல.

ஹூஸ்டன் நகரசபை 2012-ல் கொண்டுவந்த விதி இது. வீடற்றவர்கள் ஐந்து பேருக்கு மேல் இலவசமாக உணவு கொடுப்பதென்றால், இடத்தின் உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நடைபாதையும் பூங்காவும் நகரத்துக்குச் சொந்தம் என்பதால் அங்கே நகரம்தான் அனுமதி தர வேண்டும். மீறினால் அபராதம் மட்டுமே, சிறை கிடையாது.

பல வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத இந்த விதியை, 2023 மார்ச்சிலிருந்து மத்திய நூலக வாசலில் சாப்பாடு கொடுத்த 'ஃபுட் நாட் பாம்ஸ்' என்ற அமைப்பின் தொண்டர்கள் மீது போலீஸ் பயன்படுத்தியது. அவர்கள் இடத்தை மாற்றவில்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் அதே வாசலில் பாத்திரத்தை இறக்கினார்கள். டிக்கெட்டுகள் தொண்ணூறைத் தாண்டின. ஒளியாமல் மீறி, ஒவ்வொன்றுக்கும் ஜூரி விசாரணை, அதாவது ஊர்மக்களிலிருந்து பொறுக்கிய குழு தீர்ப்புச் சொல்லும் விசாரணை கேட்டார்கள். டெக்சஸில் அபராத வழக்குக்கும் ஜூரி கேட்கும் உரிமை உண்டு. முதல் வழக்கில் 2023 ஜூலையில் ஜூரி விடுதலை கொடுத்தது. அப்புறம் ஜூரிக்கு ஆள் அமைவதே கஷ்டமாகிவிட்டது. பசித்தவனுக்குச் சோறு கொடுத்ததைக் குற்றம் என்று சொல்ல ஊரில் ஆள் கிடைக்கவில்லை! இத்தனை வருடத் தொழிலில் எனக்கு இவ்வளவு நம்பிக்கை தந்த செய்தி குறைவு. 2024 பிப்ரவரியில் ஃபெடரல் நீதிமன்றமும் அந்த அமைப்பின் மீது விதியைப் பயன்படுத்த இடைக்காலத் தடை போட்டது. ஆனால் அது அவர்கள் தொடுத்த வழக்கில் அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. நீங்கள் அதற்குள் வருவீர்கள் என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில், 2018-ல் பதினோராவது சர்க்யூட் நீதிமன்றம் (சில மாநிலங்களுக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்) பூங்காவில் உணவு பகிர்வதும் ஒரு கருத்தைச் சொல்வதுதான், அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது. நல்ல தீர்ப்பு, ஆனால் டெக்சஸ் அந்தச் சர்க்யூட்டில் இல்லை.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஆயுதம் டெக்சஸிலேயே இருக்கிறது: 1999-ல் வந்த மாநில மதச் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம். மத நம்பிக்கையால் செய்கிற செயலுக்கு அரசு பெரிய தடை போட்டால், அதற்கு மிக வலுவான காரணத்தை அரசு காட்டியாக வேண்டும். இதே சட்டத்தை வைத்துத்தான் 2013-ல் டாலஸ் நகரத்தின் உணவுப் பகிர்வு விதி, கிறிஸ்தவ ஊழியக்காரர்கள் போட்ட வழக்கில் தோற்றது. வள்ளலார் 1867-ல் வடலூரில் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி போக்குவது சன்மார்க்கத்தில் உபகாரம் மட்டுமல்ல, வழிபாடே அதுதான். இதை வக்கீலிடம் வெட்கப்படாமல் விளக்கிச் சொல்லுங்கள். தைப்பூச அன்னதானப் படங்கள், வீட்டில் வழிவழியாகச் செய்து வந்ததற்கான சான்றுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

சரி, விசா. இந்த மாதிரி அபராத வழக்கு நாடு கடத்தும் அளவுக்குப் போகும் குற்றம் அல்ல. ஆனால் கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம் கைது மட்டுமல்ல, டிக்கெட் கொடுக்கப்பட்டதா என்றும் கேட்கிறது. மறைக்கக் கூடாது, மறைப்பதுதான் ஆபத்து. நகர வழக்கறிஞர் 'டெஃபர்டு டிஸ்போசிஷன்' என்று ஒரு சலுகை நீட்டலாம். சில மாதம் ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடி. கேட்க இனிக்கும். ஆனால் அதற்கு முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள அல்லது எதிர்க்காமல் விட வேண்டும். டெக்சஸ் கணக்கில் அது தண்டனை இல்லை, குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் தண்டனையாகலாம். குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விடுதலை கிடைத்தால் சான்றிட்ட தீர்ப்பு நகல் நான்கைந்து வாங்கி வையுங்கள். பதிவை அழிக்க மனுப் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்த மாதம் போகலாமா? போங்கள், ஆனால் வரிசைக்கு முன்னால் நிற்க வேண்டாம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். நடந்தவர்களும் சத்தியாகிரகிகள், பொட்டலம் கட்டியவர்களும் சத்தியாகிரகிகள். டிக்கெட்டுக்கு மேல் டிக்கெட் வாங்கி வாதாட அமெரிக்கக் குடிமக்களால் முடியும். உங்களுக்குக் கைது என்று ஒன்று நடந்தால், தண்டனை இல்லாமலேயே விசா முத்திரையைத் தூதரகம் ரத்து செய்யலாம். நீங்கள் சமையுங்கள், பொட்டலம் கட்டுங்கள். அல்லது ஒரு சர்ச்சிடமோ கடைக்காரரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கி அவர்கள் வளாகத்தில் கொடுங்கள். அங்கே இந்த விதியை நீங்கள் மீறவே இல்லை.

டிக்கெட்டில் போட்டிருக்கும் தேதிக்குள், குற்றம் செய்யவில்லை, ஜூரி விசாரணை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேதியைத் தவறவிட்டால் வாரன்ட் வரும். குடியேற்ற வக்கீலைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். அவருடைய பயம் நியாயமானது. பதிலை அவரே நேரில் கேட்கட்டும்.