நாலு ரோடு சிக்னலில் யூ-டர்ன்

தர்மபுரி நாலு ரோட்டில் சிவப்பு எரியும்போது, எதிரே வண்டி இல்லாவிட்டால் யூ-டர்ன் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாதுங்க. பின்னால் பைக்காரர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் கோட்டுக்கு முன்னாலேயே நில்லுங்கள். யூ-டர்ன் தடைப் பலகை இருந்தால் பச்சையிலும் கிடையாது.

பலகை இல்லையா? சரி, முன்கூட்டியே இண்டிகேட்டர் போட்டு ரோட்டு நடுவிலிருக்கும் மீடியனை ஒட்டி வந்துவிடுங்கள். பச்சை விழுந்ததும் எதிரே நேராக வருபவர்களையும், ஜீப்ராவில் நடப்பவர்களையும் விட்டுவிட்டுத் திரும்புங்கள்.

நிறையப் பேர் கோட்டைவிடுவது அடுத்த நொடியில்தான். வலப்பக்க ரோட்டிலிருந்து ஃப்ரீ லெஃப்ட் (சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்புவது) எடுக்கும் டவுன் பஸ், நீங்கள் நுழையும் அதே ரோட்டுக்குத்தான் வரும். என் கார் இடது கதவில் கீறல் விழுந்தது அப்படித்தான். பாதி திரும்பியதும் கண்ணாடியை மட்டும் நம்பாமல், கழுத்தைத் திருப்பி இடது பக்கம் பாருங்கள்.