மெழுகு முகத்தோடு வந்த 4கே வட்டு: வாங்கலாமா?

பழைய டிவிடி கையில் இருக்கிறது, புதிய 4கே வெளியீட்டில் முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி இருக்கின்றன, அசல் மோனோ ஒலியும் (ஒற்றைத் தட ஒலி) இல்லை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

35 மி.மீ. பிலிமில் படத்தின் நுணுக்கமே கிரெயினில்தான், அதாவது பிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகளில்தான் இருக்கிறது. அதை அளவுக்கு மீறித் துடைத்தால் தோல் சுருக்கம், துணி நெசவு எல்லாம் கூடவே போய்விடும். டிவியில் ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டினாலும் திரும்பாது. ஓரங்களில் வெள்ளைக் கோடுதான் வரும். நிறம் மாறியிருந்தாலாவது ஓரளவு சரிக்கட்டலாம்.

ஆனால் உங்கள் டிவிடி ‘பால்’ (PAL, நொடிக்கு 25 பிரேம் காட்டும் டிவி முறை) முறையிலானதா என்று பாருங்கள். அப்படியென்றால் நொடிக்கு 24 பிரேம் படம் 25-இல் ஓடும். சுமார் 4% கூடுதல் வேகம், குரலும் பெரும்பாலும் சற்றுக் கீச்சென்றிருக்கும். அது உறுத்தினால் தள்ளுபடியில் வாங்குங்கள், முழு விலைக்கு அல்ல.

அப்புறம், பெட்டியில் சாதாரண ப்ளூரேவும் இருந்தால் அது பழைய மாஸ்டரிலிருந்து (வட்டு தயாரிக்க உதவும் மூலப் பிரதி) எடுத்ததா என்று விசாரியுங்கள். சில சமயம் அதுவே மேலாக இருக்கும். டிவிடியை மட்டும் விற்றுவிடாதீர்கள், அந்த மோனோ அதில்தானே இருக்கிறது.