மனோரமா 'நாடகத்திலிருந்து வந்தவர்' என்பதற்கு என்ன பொருள்?

சினிமாவுக்கு முன்பே மேடையில் நடித்துப் பழகியவர் என்று பொருள். மன்னார்குடியில் 1937இல் பிறந்த கோபிசாந்தாவை, அம்மா வீட்டு வேலை செய்து பள்ளத்தூரில் வளர்த்தார். அங்கே மேடை ஏறியதும் கிடைத்த பெயர்தான் மனோரமா. அப்புறம் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரனின் (எஸ்.எஸ்.ஆர்.) நாடகக் குழு.

மேடை, கல்யாணப் பந்தியில் பரிமாறுவது மாதிரி. இலையில் விழுந்ததைத் திரும்ப அள்ள முடியாது. வசனம், பாட்டு, முகபாவம் எல்லாம் ஒரே தடவையில் சரியாக வரவேண்டும். 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் கண்ணதாசன் நகைச்சுவை வேடம் கொடுத்தபோது கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான். 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணியும் நாடகக்காரிதானே, அளவெடுத்துத் தைத்த வேடம்!

அவர் கதாநாயகியாக நடித்ததே இல்லை என்பார்கள். 1963இல் வந்த 'கொஞ்சும் குமரி'யின் நாயகியே அவர்தான்.