தஞ்சை விமானப்படைத் தளத்தில் சீருடை இல்லாத வேலை உண்டா?

"தம்பி ஐ.டி.ஐ. வயர்மேன் முடித்திருக்கிறான். படையில் சேராமலே தளத்தில் வேலை கிடைக்குமா?" என்று கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். சுகோய் போர் விமானம் ஓட்டுவது சீருடைக்காரர்கள். ஆனால் ராணுவ வளாகங்களில் கரண்ட், தண்ணீர், கட்டடம் பார்க்கும் எம்.இ.எஸ். (ராணுவப் பொறியியல் சேவை) துறையில் சிவிலியன்கள், அதாவது சீருடை இல்லாத ஊழியர்கள்தான் ஏராளம். சமையல், குமாஸ்தா வேலைகளில் இரு தரப்பும் உண்டு. சண்டைக்குப் போகத் தேவையில்லாத பணிக்குச் சிவிலியன் போதும் என்பதே பொதுவான கணக்கு.

அதற்காக இதை வெறும் ஆபீஸ் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பாதுகாப்புத் துறைச் சிவிலியன்களுக்கான 1957ஆம் ஆண்டு விதிகளின்படி, படை இயங்கும் களத்துக்குச் சிவிலியனையும் பணிக்கு அனுப்பலாம். வேலைநீக்கத்தில் மற்ற அரசு ஊழியர்களுக்குள்ள அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவுப் பாதுகாப்பும் (பொதுவாக விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது என்பது) கிடையாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை! பணிப் பிரச்சினை வந்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்தான்.

அப்புறம், 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். விளம்பரம், தேர்வு வழியாகத்தான் ஆள் எடுப்பார்கள்.