ஓய்வுக்காலமும் பொன்மணலும்

கேள்வி: தேயிலைத் தோட்ட அலுவலகக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற நான், ஆற்றுமணலை அரித்துப் பொன் தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாமா?
- வாசகர், பந்தலூர்

பதில்: உங்கள் ஊரே அந்த ஆசையைக் கிளப்பிவிடும். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் பொன் தோண்ட வந்த ஆங்கிலேயக் கம்பெனிகள் கைப்பொருளை இழந்ததுதான் மிச்சம். எல்லைக்கு அப்பால், கேரளத்தின் நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்று மணலிலும் பொன்துகள் உண்டு.

பொன் தண்ணீரைவிட ஏறத்தாழ 19 மடங்கு கனமானது. சாதாரண மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்றே மேல். ஆகவே, ஆற்று வளைவின் உட்புறத்திலும் பாறை இடுக்குகளிலும் படிந்த மணலை அகன்ற தட்டில் அள்ளி, நீருக்கடியில் நன்றாகக் குலுக்கி, பிறகு சற்றே சாய்த்துச் சுழற்றினால், இலேசான மணல் வழிந்தோட, கருமணலும் அதனடியில் பொன்துகளும் தங்கும். முதுகுவலி உள்ளவர்கள் முக்காலியில் அமர்ந்து செய்யலாம். பொன்துகளைத் திரட்டச் சிலர் பயன்படுத்தும் பாதரசத்தை மட்டும் தொடவே வேண்டாம்; அது நஞ்சு.

ஆனால், தங்கம் 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்துக்கு உட்பட்டது. உங்கள் பக்கத்து ஓடைகள் பலவும் யானை நடமாடும் காட்டுக்குள் ஓடுபவை. வனத்துறையிடமும் கனிமவளத் துறையிடமும் எழுத்துமூலம் அனுமதி பெறாமல் தட்டை நனைக்காதீர்கள். அதுவரை, வீட்டுத் தொட்டியில் பித்தளைத் துகள் கலந்த மணலை அரித்துக் கையைப் பழக்கிக்கொள்ளலாம்.